கலப்பின நடிகர்களும் பாத்திரத் தேர்வும்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹொலிவூட்டும் பிரித்தானியத் தொலைக்காட்சியும் ஆசியப் பாத்திரங்களுக்குக் கலப்பினத்தவரைப் போட்டு ஒப்பேற்றுகின்றன என்று கடந்த வாரம் உங்கள் கலைப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. தாய், தந்தை இருவருமே அந்த இனத்தவராக இருந்தால்தான் அந்தப் பாத்திரத்தில் நடிக்கும் உரிமை உண்டு என்பது அதன் வாதம். கட்டுரையாளரின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கையில் எடுத்த அளவுகோல் எங்களுக்கு உடன்பாடானது அல்ல. நாங்கள் நடிகர் தேர்விலும் திரைக்கான மொழிப் பயிற்சியிலும் வேலை செய்கிறவர்கள். தவறு எந்த இடத்தில் நுழைகிறது, அதை எந்தக் கட்டத்தில் தடுக்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், பாத்திரமே கலப்பினத்தவராக எழுதப்பட்டிருந்தால் அந்த விதி என்ன செய்யும்? அதற்கு ஒருவரும் தேற மாட்டார்கள். அந்த இடைவெளியில் இதுவரை புகுந்தவர்கள் வெள்ளையர்களே. 1989இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் தொடங்கிய 'மிஸ் சைகோன்' இசை நாடகத்தில் 'எஞ்சினியர்' என்ற முக்கிய பாத்திரம் ஆசியாவும் ஐரோப்பாவும் கலந்த பிறப்பு. நடித்தவர் வேல்ஸ் நாட்டுக்காரரான ஜொனதன் பிரைஸ். லண்டனில் அவருக்கு இமைமேல் ஒட்டுத் துண்டும் தோலுக்கு வெண்கல நிறப் பூச்சும் போட்டார்கள். 1990 ஆகஸ்டில் அமெரிக்க மேடை நடிகர் சங்கமான 'ஆக்டர்ஸ் எக்விட்டி' நியூயோர்க்கில் அவர் நடிக்க அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் கமரன் மக்கின்டோஷ் நாடகத்தையே நிறுத்துவதாக அறிவித்ததும், சில நாட்களிலேயே சங்கம் பின்வாங்கியது. பாத்திரம் பாதி ஐரோப்பியர்தானே, ஐரோப்பியர் நடித்தால் என்ன என்பது அன்றைய வாதம். அதே கணக்கில் மறுபாதியைக் காட்டி ஓர் ஆசிய நடிகருக்கு அந்த வாய்ப்பை முதலில் கொடுத்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 1991இல் அதே பாத்திரத்துக்காக பிரைஸ் டோனி விருதும் பெற்றார்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் கதை மாறவில்லை. 2015இல் வெளிவந்த 'அலோஹா' படத்தில் அலிசன் இங் என்ற விமானப்படை அதிகாரி கால்வாசி சீனர், கால்வாசி ஹவாய்ப் பூர்வகுடி. நடித்தவர் எம்மா ஸ்டோன். எதிர்ப்பு எழுந்ததும் இயக்குநர் கமரன் குரோ மன்னிப்புக் கேட்டார். தனக்குத் தெரிந்த செம்பட்டை முடிக்கார உள்ளூர்ப் பெண் ஒருவரை வைத்தே பாத்திரத்தை எழுதியதாக அவர் விளக்கினார். அப்படி ஒருவர் இருக்க முடியும். கலப்பினத்தவர் எந்தத் தோற்றத்திலும் இருப்பார்கள். ஆனால் அந்த விளக்கத்தால் நடிகர் தேர்வு சரியாகிவிடாது. ஹவாயில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் என்று குடிசனக் கணக்கெடுப்பில் தம்மைப் பதிகிறவர். உலகத்தில் இந்தப் பாத்திரத்துக்கு ஆள் தேட அதைவிடத் தோதான இடம் இல்லை. 2017 ஆகஸ்டில் 'ஹெல்பாய்' படத்துக்கு ஒப்பந்தமான எட் ஸ்க்ரைன், தன் பாத்திரம் மூலக்கதையில் ஆசியக் கலப்பு மரபினர் என்று அறிந்ததும் தானாகவே விலகினார். நல்ல காரியம். அந்த இடத்துக்கு வந்தவர் தென்கொரியாவில் பிறந்த டானியல் டே கிம். வெள்ளையர் போய் ஆசியர் வந்தார் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். கலப்பின நடிகர்களின் பெயர்ப் பட்டியலை யாராவது புரட்டிப் பார்த்தார்களா என்ற கேள்வி எழவே இல்லை.

கேலிச்சித்திரத் தொடர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2020 ஜூனில் ஒரே நாளில் இரு நடிகைகள் விலகினார்கள். 'பிக் மவுத்' தொடரின் மிஸி, 'சென்ட்ரல் பார்க்' தொடரின் மொலி ஆகிய இரண்டும் கறுப்பினமும் வெள்ளையினமும் கலந்த சிறுமிகள். குரல் கொடுத்த ஜெனி ஸ்லேட், கிறிஸ்டின் பெல் இருவரும் வெள்ளையர். மொலியின் குரல் பின்னர் கலப்பினத்தவரான எமி ரேவர்-லாம்ப்மனுக்கும், மிஸியின் குரல் அயோ எடெபிரிக்கும் போனது. முகமே தெரியாத இடத்தில் கூட முதல் தெரிவு அவர்களுக்கு வந்திருக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய வேரும் உண்டு. நம் ஊர்ப் பக்கத்தையும் தொடும் வேர். 1935ஆம் ஆண்டு நடிப்புக்காகச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிந்துரை பெற்ற மெர்ல் ஒபரோன் 1911இல் பம்பாயில் பிறந்தவர். தாய்வழி வேர் இலங்கையில். வாழ்நாள் முழுக்கத் தான் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிறந்ததாகவே சொல்லிவந்தார். காரணம் இருந்தது. 1934இலிருந்து கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹொலிவூட் தணிக்கை விதி, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதல், மண உறவைத் திரையில் காட்டக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தது. நடைமுறையில் அதன் நிழல் ஆசியர் மேலும் விழுந்தது. 1937இல் வெளிவந்த 'த குட் எர்த்' படத்தில் சீன விவசாயியாக வெள்ளை நடிகர் நடித்ததால், அவர் மனைவியாகச் சீன-அமெரிக்கரான அன்னா மே வொங் நடிக்க வழியில்லாமல் போனது. அந்தப் பாத்திரத்தில் நடித்து ஒஸ்கார் வாங்கியவர் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனர். கலப்பு உறவு பற்றிய அந்தத் தடை 1956இல் நீங்கியது; தணிக்கை விதி முழுவதும் 1968இல்தான் ஒழிந்தது. கலப்பினத்தவர் தம் பிறப்பை மறைத்து வேலை தேடிய காலம் அது. இன்று பிறப்பை வெளியே சொல்லி வேலை கேட்கிறவரிடம் நாம் இரத்த விகிதம் கேட்டால், பழைய கதவை நாம் மறுபக்கத்திலிருந்து சாத்துகிறோம்.

உங்கள் கட்டுரையாளர் சுட்டும் குறை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓரினப் பாத்திரத்துக்குக் கலப்பினத்தவரைப் போடும்போது நடக்கும் அநியாயம் உண்மையானது. ஆனால் அதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2018இல் வந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தின் கதாநாயகன் சிங்கப்பூர்ச் சீனர். நடித்த ஹென்றி கோல்டிங்கின் தந்தை ஆங்கிலேயர். தாய் சரவாக்கின் இபான் பழங்குடியினர். பாதி வெள்ளையர் என்று ஆளாளுக்குச் சண்டை பிடித்தார்கள். மறுபாதி சீனமும் அல்ல, இபான் என்பதை அதிகம் பேர் கவனிக்கவே இல்லை. எங்கள் கருத்தில், ஒக்ஸ்போர்டில் படித்த பெரிய வீட்டுப் பிள்ளை என்ற அந்தப் பாத்திரத்துக்கு அவருடைய பேச்சும் நடையும் பொருந்தின. அந்தப் படத்தின் பெரிய குறை வேறு இடத்தில் இருந்தது. தமிழ் ஓர் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் நடக்கும் கதையில், இந்தியர்களும் மலாய்க்காரர்களும் காவலாளிகளாகவும் பணியாளர்களாகவும்தான் கண்ணில் பட்டார்கள் என்று சிங்கப்பூரிலிருந்தே விமர்சனம் எழுந்தது. கதாநாயகனின் இரத்தத்தை அளந்த நேரத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது.

நிறத்தை இரத்தத்திலிருந்து பிரித்துக் கேட்க வேண்டும். கலப்பின நடிகர் வேண்டும் என்று ஒரு தயாரிப்பு சொல்லும்போது, பல வேளைகளில் அதற்கு உள்ளே இருக்கும் விருப்பம் வெளிர்ந்த தோல். பாத்திரம் கருமையான பெண்ணாக எழுதப்பட்டிருக்கும். வருகிறவர் இரண்டு படி வெளிர்ந்தவர். பிறகு பூச்சால் நிறத்தை இறக்குவார்கள். 2016இல் வந்த 'நீனா' படத்தில் பாடகி நீனா சிமோனாக நடிக்க ஸோயி சல்டானாவின் தோலைக் கருமையாக்கி, மூக்குக்குச் செயற்கைத் துண்டும் ஒட்டினார்கள். தன் மூக்குக்காகவும் நிறத்துக்காகவும் வாழ்நாளெல்லாம் அவமானம் சுமந்த ஒருவரின் கதைக்கு இதைச் செய்தார்கள். 2020இல் சல்டானா மன்னிப்புக் கேட்டார். 2019இன் 'அலாடின்' படத்தில் இளவரசியாக நடித்த நவோமி ஸ்கொட்டின் தாய் உகண்டாவிலிருந்து வந்த குஜராத்தி மரபினர், தந்தை ஆங்கிலேயர். அங்கே திரைக்கதையில் இளவரசியின் தாயை வேறொரு நாட்டிலிருந்து வந்தவராக வைத்தார்கள். கதைக்குள் ஒரு காரணமாவது இருந்தது. ஆனால் அதே படப்பிடிப்பில் சில வெள்ளைத் துணை நடிகர்களுக்குக் கருமைப் பூச்சுப் போட்டதை டிஸ்னி ஒப்புக்கொண்டது. சண்டைப் பயிற்சி, மிருகங்களைக் கையாளுதல் போன்ற சிறப்புத் திறமை தேவைப்பட்ட சில இடங்களில் மட்டும் என்று காரணமும் சொன்னது. படம் பிடித்தது லண்டன் பக்கம். ஆசியரும் அரேபியரும் அங்கே கிடைக்காதவர்கள் அல்லர். சண்டை நடிகர்களின் பட்டியலில் அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்துச் சேர்த்துவைக்காததுதான் இதன் மூலகாரணம். படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பு தேடினால் ஒட்டகம் ஓட்டத் தெரிந்தவரும் கிடைக்க மாட்டார், காப்புறுதி நிறுவனம் ஒப்புக்கொள்ளும் சான்றிதழும் இருக்காது. அப்போது பூச்சுப் பெட்டியைத் திறக்கிறார்கள்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. முகம் சரி, வீடு பிழை. 2022 மார்ச்சில் வந்த 'பிரிட்ஜர்டன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் ஷர்மா சகோதரிகளாக நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்திரா சந்திரன் இருவருமே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். உங்கள் கட்டுரையாளரின் விதிப்படி இருவருக்கும் நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த வீட்டில் என்ன பேசுகிறார்கள்? தந்தையை 'அப்பா' என்கிறார்கள். அக்காவைத் தங்கை 'தீதி' என்கிறாள். தங்கையை அக்கா வங்காளத்தில் 'போன்' என்கிறாள். குடும்பப் பெயர் வடக்கத்தியது. வந்த ஊர் பம்பாய். தெற்கு, கிழக்கு, வடக்கு, மேற்கு நான்கும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. கருமையான தமிழ்ப் பெண்கள் நாயகிகளாக நின்றது எங்களுக்கும் பெருமையே. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. திரைக்கதையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஓர் ஊரை முடிவு செய்திருந்தால் இந்தக் குழப்பம் ஒரு பிற்பகலில் தீர்ந்திருக்கும்.

மொழியில் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரொறன்ரோத் தமிழர்கள் மறக்காத ஓர் உதாரணம், 1983க்கு முந்திய கொழும்புத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'ஃபனி போய்' என்ற படம். 2020 டிசம்பரில் வெளிவந்தபோது, தமிழ்ப் பாத்திரங்களில் தமிழர் அல்லாதவர்கள் நடித்ததும், தமிழ் வசனம் காதில் ஏறாமல் ஒலித்ததும் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. தமிழ் வசனங்களை மீளக் குரல் பதிந்து சீராக்க முயன்றார்கள். டப்பிங்கால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்பதைத் தயாரிப்பாளர்கள் தெரிந்துவைப்பது நல்லது. ழ, ள, ல, ண, ன ஆகியவற்றின் வேறுபாடு நாக்கில் இருக்கிறது, கமராவுக்குத் தெரியாது. அதை டப்பிங்கில் சரிசெய்யலாம். ம, ப ஆகியவற்றுக்கு இரண்டு உதடும் மூடும். வகரத்துக்குக் கீழுதடு பல்லில் தொடும். உகரம், ஓகாரத்துக்கு உதடு குவியும். ஆகாரத்துக்குத் தாடை இறங்கும். இவை எல்லாம் படத்தில் பதிந்துவிடும். படப்பிடிப்பில் நடிகர் 'என்ன பண்றீங்க' என்று தமிழ்நாட்டுப் பேச்சில் சொல்லிவிட்டார், பாத்திரமோ யாழ்ப்பாணத்தவர் என்றால், 'என்ன செய்யிறியள்' என்று மாற்றிக் குரல் பதிய வேண்டும். முதல் வசனத்தில் பகரத்துக்கு உதடு மூடித் திறக்கிறது. இரண்டாவதில் உதடு மூடும் இடமே இல்லை. அண்மைக் காட்சியில் வாய் மூடியிருக்கும், சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு முதுகுப்பக்கக் கோணத்துக்கு வெட்ட வேண்டி வரும், நடிப்பின் பாதி அதோடு போய்விடும். மூன்று மணிநேரப் பயிற்சியில் தடுத்திருக்கக் கூடிய தவறுக்கு இது பெரிய விலை.

ஆகவே திருத்த வேண்டிய முதல் இடம், நடிகர் முகவர்களுக்கு அனுப்பப்படும் பாத்திரக் குறிப்பு. தொழிலில் இதைப் பிரேக்டவுன் என்பார்கள். பெரும்பாலும் வருவது இப்படித்தான்: 'பெண், 20–30, தெற்காசியர் அல்லது கலப்பினம், எந்த இனம் என்று சொல்ல முடியாத முகமும் பொருந்தும்.' இந்த வரியில் பாத்திரமே இல்லை. எழுத்தாளர் முடிவெடுக்காமல் விட்டதைத் தேர்வாளர் தலையில் போடுகிறார். தேர்வாளர் எல்லாருக்கும் பொதுவாக விற்கக்கூடிய முகத்தைத் தேடுகிறார். அந்தப் போட்டியில் வெளிர்ந்த தோல் வெல்லும். இதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'பாத்திரத்தின் தாய் யாழ்ப்பாணத் தமிழர், கருமையான நிறம்; தந்தை நியூஃபவுண்ட்லாந்தின் ஐரிஷ் வழிவந்தவர். அம்மம்மா வளர்த்த பிள்ளை. தமிழில் பன்னிரண்டு வரி வசனம், எல்லாம் அம்மம்மாவுடன். பேச்சு யாழ்ப்பாண வழக்கு, ஆங்கில உச்சரிப்புக் கலந்து இருக்கலாம். கையால் சோறு சாப்பிடும் காட்சி ஒன்று உண்டு. இரு தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.' நாற்பது சொல்லுக்குள் பாத்திரம் தெரிந்துவிடுகிறது. மொழி எவ்வளவு, யாரோடு, எந்த வழக்கு, எந்த அளவுக்குப் பிசகலாம் என்பவை எல்லாம் அதில் உண்டு. சாப்பாட்டுக் காட்சியைச் சும்மா எழுதவில்லை. கையால் சாப்பிட்டுப் பழகாதவர் உள்ளங்கை முழுக்கக் குழம்பைப் பூசிக்கொள்வார். விரல் நுனிகளால் பிசைந்து பெருவிரலால் வாய்க்குள் தள்ளும் அசைவு ஒரு நாளில் வராது. பார்க்கும் தமிழர் எவரும் அதை உடனே பிடித்துவிடுவார்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. அமெரிக்காவின் 1964 சிவில் உரிமைச் சட்டம், வேலைக்கு இன்றியமையாத தகுதி என்ற விலக்கை மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றுக்குத் தருகிறது. இனத்துக்கும் நிறத்துக்கும் தரவில்லை. பாத்திரத் தேர்வு கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று 2012இல் டென்னசியில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. என்றாலும், ஒடிஷன் அறையில் ஒருவரைப் பார்த்து 'நீங்கள் எத்தனை வீதம்?' என்று கேட்பது சங்கங்களின் நெறிமுறைக்கு விரோதமானது. பிரித்தானியாவின் 2010 சமத்துவச் சட்டம் தொழிற்தேவை விலக்கை இனத்துக்கும் விரித்துத் தருகிறது, ஆனால் அதைத் தயாரிப்பு நியாயப்படுத்த வேண்டும். எங்கும் பிரச்சினையில்லாமல் கேட்கக்கூடியவை திறமை பற்றிய கேள்விகள்: எந்த மொழி பேசுவீர்கள், எந்த வழக்கில், எந்தப் பின்னணிப் பாத்திரங்களை ஏற்க உங்களுக்கு உடன்பாடு.

அடுத்தது ஆள் தேடும் வட்டம். முகவர்களிடம் மட்டும் கேட்டால் ஏற்கெனவே படம் நடித்த பத்துப் பேரின் பெயரே திரும்பத் திரும்ப வரும். 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் தமிழ்-அமெரிக்கச் சிறுமி தேவி பாத்திரத்துக்கு 2019இல் பகிரங்க அழைப்பு விட்டார்கள். 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தெரிவானவர் மிசிசாகாவைச் சேர்ந்த ஈழத்தமிழ் மரபினரான மைத்ரேயி ராமகிருஷ்ணன்; தொழில்முறை அனுபவம் இல்லாதவர். தொடர் நான்கு பருவம் ஓடியது. ஆள் இல்லை என்ற சாட்டுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை. பகிரங்க அழைப்புக்கு எங்கள் அனுபவத்தில் குறைந்தது நான்கு வாரம் வேண்டும். ஒரு வாரம் கொடுத்தால் நகரத்தில் உள்ள நாடகப் பள்ளி மாணவர்கள் மட்டும் வருவார்கள். கோயில், தேவாலயம், பல்கலைக்கழகத் தமிழ் மன்றம், இந்தப் பத்திரிகை வழியாகச் செய்தி போய்ச் சேர இரண்டு வாரம் போய்விடும்.

வீட்டிலிருந்து பதிவு செய்து அனுப்பும் செல்ஃப் டேப் வந்த பிறகு, மொழி உள்ள பாத்திரங்களில் ஒரு புதுச் சிக்கல். 2023இன் அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தப்படி முதல் சுற்றில் எட்டுப் பக்கத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வார இறுதி நீங்கலாக 48 மணிநேரமாவது கொடுக்க வேண்டும். ஆங்கில வசனத்துக்கு அது போதும். இரண்டாம் தலைமுறைப் பிள்ளை தமிழ் பேசும், தமிழ் எழுத்து வாசிக்காது. ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பிய தமிழை வாசித்தால் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். எனவே பக்கங்களோடு ஒலிப்பதிவும் போக வேண்டும்: எழுத்து எழுத்தாக மெதுவாக ஒன்று, இயல்பான வேகத்தில் ஒன்று, உணர்ச்சியோடு ஒன்று. வந்த பதிவுகளைத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும், அதுவும் முதல் சுற்றிலேயே. கடைசி ஐந்து பேர் மிஞ்சிய பிறகு அவரைக் கூப்பிட்டால், அவருக்கு மிஞ்சுவது ஐந்து பிழைகளில் சின்னப் பிழையைத் தேர்வது மட்டுமே. தாய் தமிழர், தந்தை வெள்ளையர், வீட்டில் அம்மம்மாவோடு தமிழில் கதைத்து வளர்ந்த ஒருவர், தமிழே தெரியாத முழுத் தமிழரைவிட மேலே குறிப்பிட்ட பாத்திரத்துக்குப் பொருத்தமானவர். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பாத்திரம் தமிழ் தெரியாமல் வளர்ந்து அதற்காக ஏங்கும் ஒருவர் என்றால், தேர்வு தலைகீழாகும்.

நடுவில் பலர் கோட்டைவிடும் ஒன்று, குடும்பத்தைச் சேர்த்துத் தேர்வது. கலப்பினக் கதாநாயகியை முதலில் ஒப்பந்தம் செய்துவிட்டு, தாய், தந்தை, தம்பியைக் கடைசி வாரத்தில் கிடைத்தவரை வைத்து நிரப்புவார்கள். தாயின் நிறம் மகளைவிட வெளிர்ந்திருக்கும், தந்தை எங்கிருந்து வந்தார் என்றே தெரியாது. தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பதால், ஒரே பெற்றோரின் பிள்ளைகள் நிறத்தில் வெகுவாக வேறுபடலாம். ஆகவே சகோதரர்கள் அச்சில் வார்த்ததுபோல் இருக்கத் தேவையில்லை. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரு தொடர்பு, நெற்றியிலோ கண்ணிலோ சிரிப்பிலோ, தெரிந்தால் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார். கதாநாயகிக்கு இறுதிச் சுற்றில் மூன்று பேர் இருந்தால், தாய் பாத்திரத்துக்கான இருவரையும் அதே நாளில் அழைத்து ஒரே சட்டகத்தில் சோடி சோடியாகப் பதிந்து பாருங்கள். ஆறு சோடி, அரை நாள் வேலை. சிறுவயதுக் காட்சி இருந்தால் குழந்தை நடிகரையும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.

ஒடிஷன் அறையின் வெளிச்சமும் ஒரு நீதிபதி. வெளிர்ந்த தோல், ஒளியை அளக்க வைக்கும் சாம்பல் அட்டையின் நடு அளவைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டொப் (ஒளி இரட்டிக்கும் அல்லது பாதியாகும் ஒரு படி) மேலே பதியும். கருமையான தோல் ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் கீழே. காலையில் வந்த முதலாமவருக்கு வைத்த அளவை மாலைவரை மாற்றாமல் விட்டால், கருமையானவரின் கண்களும் கன்னமும் இருட்டில் போய்விடும். இரவில் பதிவைப் பார்க்கும் தயாரிப்பாளர் 'இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை' என்பார். குறை நடிப்பில் அல்ல. ஒவ்வொருவருக்கும் வெளிச்ச அளவைத் திருத்துங்கள். பெரிய மென்திரை வழியாகப் பக்கவாட்டில் ஒளியை வையுங்கள். பின்சுவர் வெள்ளையாக இருக்க வேண்டாம், நடுச் சாம்பலோ நீலமோ நல்லது. வெள்ளைச் சுவர் முன் தானியங்கி அளவீடு முகத்தை இன்னும் இருட்டாக்கும். படப்பிடிப்புக்கு முந்திய ஒப்பனைச் சோதனைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கி, சுருள் முடி கையாளத் தெரிந்தவரை அழைத்துவாருங்கள். கலப்பின நடிகர்கள் பலர் தம் பூச்சுப் பெட்டியையும் எண்ணெயையும் தாமே சுமந்து வருவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அது அவர்கள் வேலை அல்ல.

மொழிப் பயிற்சியாளரைத் திரைக்கதைக் கட்டத்திலேயே அமர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். பத்து வரி வசனத்துக்கு, மொழி பேசுபவர் என்றால் ஒரு மணிநேரப்படி மூன்று அமர்வு. பேசாதவருக்கு அதன் இரண்டு மடங்கு. படப்பிடிப்பு நாளில் இயக்குநர் வசனத்தை மாற்றுவார், எல்லாரும் மாற்றுவார்கள். பயிற்சியாளர் காதொலிக் கருவியோடு ஒலிப்பதிவாளர் பக்கத்தில் நிற்காவிட்டால் மாற்றிய வரி பிழையோடு பதிவாகும்.

ஒஸ்கார் அகடமி 2024 முதல் சிறந்த படத்துக்கான போட்டியில் சேர நான்கு அளவுகோல்களில் இரண்டையாவது நிறைவேற்றச் சொல்கிறது. திரையில் தெரிவோர் பற்றிய அளவுகோலை, சிறுபான்மை இனத்தவர் ஒருவருக்கு முக்கிய பாத்திரம் கொடுத்தே நிறைவேற்றிவிடலாம். அந்த ஒருவரின் பாத்திரத்துக்கு ஒரு வீடும் மொழியும் இருக்கிறதா என்று விதி கேட்பதில்லை. அதைக் கேட்பது பத்திரிகைகளின் வேலை. 2020 குடிசனக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் மூன்று கோடியே 38 இலட்சம் பேர், பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர், ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவராகப் பதிந்திருக்கிறார்கள். 2010இல் அது 90 இலட்சம். கேள்வியும் கணக்கிடும் முறையும் மாறியது இந்த உயர்வுக்கு ஒரு முக்கிய காரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் 17 இலட்சம். நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள்.

உங்கள் பத்திரிகையிடம் இரண்டு வேண்டுகோள். விமர்சனம் எழுதுவோர் நடிகரின் பெற்றோரை ஆராயும் முன், பாத்திரம் யாராக எழுதப்பட்டது, மொழி யார் பொறுப்பில் இருந்தது, பகிரங்க அழைப்பு விட்டார்களா என்பவற்றைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டு எழுதட்டும். அடுத்து, நடிகர் தேவை என்று வரும் அறிவித்தல்களுக்கு வார இறுதிப் பக்கத்தில் இலவசமாக இடம் கொடுங்கள். அதில் வயது எல்லை, எந்த வழக்குத் தமிழ், சம்பளம் சங்க ஒப்பந்தப்படியா, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் உடன் வரலாமா என்ற நான்கும் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணமோ புகைப்படத் தொகுப்புக்கு முன்பணமோ கேட்கும் அறிவித்தல் எதுவானாலும் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். முறையான ஒடிஷனுக்கு நடிகர் ஒரு சதமும் கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
நடிகர் தேர்விலும் மொழிப் பயிற்சியிலும் பணிபுரியும் வாசகர்கள்,
ரொறன்ரோ.